கீழே இருப்பவர்களுக்குச் சூடு

பாம்புக்குக் குளிரும் என்பது எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் மின்சார சபையில் வேலை செய்த காலத்தில், மீற்றர்ப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்த எத்தனையோ பாம்புகளைத் தடியால் எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்திருக்கிறேன். மார்கழியில்தான் அதிகம் வரும். அவை என்னைக் கடிக்க வரவில்லை, பெட்டியின் சூட்டுக்காக வந்து படுத்திருக்கின்றன என்பது விளங்குவதற்கு நான் ரொறன்ரோவுக்கு வந்து இத்தனை பனிக்காலத்தைக் கழிக்க வேண்டியிருந்தது.

எங்கள் வீடு ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் இருக்கிறது. மேலே நானும் மனைவி ஜெயமலரும். கீழே பேஸ்மென்டில் அவளுடைய கடைசித் தம்பி மிதுனனும் அவன் வளர்க்கிற மூன்று பாம்புகளும். பாம்பு என்று நான்தான் சொல்கிறேன். ஜெயமலர் அந்தச் சொல்லை வீட்டுக்குள் எடுக்கவே மாட்டாள். பாம்புத் தெய்வமான நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்துப் பிறந்தவளாம். "கீழை இருக்கிறவை" என்றுதான் சொல்வாள். தொலைபேசியில் அவள் பேசுவதைக் கேட்கிறவர்கள், வாடகைக்கு ஒரு மரியாதையான குடும்பம் இருக்கிறது என்றே நினைப்பார்கள்.

அவை வந்த நாளிலிருந்து அவள் பேஸ்மென்ட் படியில் கால் வைக்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெஷினும் கீழேதான் இருக்கிறது. ஆகவே தோய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஐம்பது வயதில் நான் மனைவியின் சேலையை மடிக்கப் பழகியது அந்தப் பாம்புகளின் புண்ணியம்.

மிதுனனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாய் இறந்தபோது அவன் கைக்குழந்தை. ஜெயமலர்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எனக்கு வாழ்க்கைப்பட்டு அவள் கனடாவுக்கு வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பிறகு அவனை அவனுடைய அண்ணன் தயாபரன் பார்த்துக்கொண்டான். தயாபரன் காலில் காயம் பட்டு, படுக்கையோடு இருந்தான். தொண்ணூற்றைந்தில் ஒரு நாள் மிதுனன் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருந்த நேரத்தில் வீட்டில் ஷெல் விழுந்து தீப்பிடித்தது. தயாபரனால் எழும்பி ஓட முடியவில்லை. இதை எங்களுக்குச் சொன்னது ஊரிலிருந்து வந்த வேறு ஆட்கள். மிதுனன் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னர் இங்கே வந்த பிறகும் அவன் அப்படித்தான். மார்க்கம் நகரில் ஒரு பொதி கட்டும் இடத்தில் வேலை செய்தான். வந்தான், போனான். நாங்கள் சாப்பிட்டு எழும்பின பிறகு மேலே வந்து தட்டில் போட்டுக்கொண்டு கீழே போய்விடுவான். ஜெயமலர் குசினிக்குள் நின்று படியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்குக் கோபம் வரும். ஒருவனுக்கு வாய் இருந்தால் அதைச் சோறு தின்ன மட்டுமா பாவிப்பது?

முதல் பாம்பை அவனோடு வேலை செய்த ஒருவன், வன்கூவருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனான். ஆபிரிக்காவிலிருந்து வந்த சின்ன மலைப்பாம்பு. பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும். பிறகு சோளப் பாம்பு என்று செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு. விஷம் இல்லை என்று அவன் சொன்னான். எனக்கு அதுவல்ல பிரச்சினை. என் பிரச்சினை மின்சாரம்.

ஒரு சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கக் கீழே போனபோது பலகை கருகுகிற மணம் வந்தது. அவன் வேலையிடத்தில் எறிந்த பலகைகளைக் கொண்டுவந்து தானே ஒரு இறாக்கை அடித்திருந்தான். ஒவ்வொரு தட்டிலும் கம்பளிச் சட்டை போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் பாம்பு. பெட்டிக்குப் பின்னால் சூட்டுக்காக ஒரு பல்ப். பல்புக்கு மேலே இருந்த பலகை சோசர் அளவுக்குக் கரியாகி இருந்தது. ஒரு பிளக்கில் இருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று வயர்கள் கொடிபோலத் தொங்கின.

கம்பத்தில் ஏறி வேலை செய்தவனுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? என் வாய் எப்போதும் எனக்கு முன்னே ஓடுகிற வாய்.

"என்ன, வீட்டைக் கொளுத்தப் போறியோ? அங்கை ஒரு வீடு எரிஞ்சது போதாதோ?" என்று கேட்டேன்.

அவன் ஒவ்வொரு பல்பாக நிறுத்தினான். கடைசிப் பல்பையும் நிறுத்திவிட்டு, பெட்டிகளின் மேல் தன் போர்வையை எடுத்துப் போட்டான்.

அடுத்த கிழமை அவன் மேலே வந்து, சாப்பாட்டுத் தட்டை எடுக்காமல், தமக்கையிடம் மட்டும் சொன்னான். "அக்கா, அஜக்ஸிலை ஒரு அறை இருக்காம். பங்குனி முடிய அங்கை போறன்."

ஜெயமலர் அன்று சமைக்கவில்லை. எனக்குத் தேத்தண்ணியும் தரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வாய் திறந்தாள். "எனக்கெண்டு மிஞ்சினது அவன் ஒருத்தன். அவன் போனால் பிறகு கலியாண வீடு, செத்த வீட்டிலைதான் காணுவன். நீங்கள் கரண்ட் படிச்ச ஆள்தானே. கீழை இருக்கிறவைக்கு நெருப்புப் பிடிக்காத மாதிரி ஒரு சூடு போட்டுக் குடுக்கேலாதோ?"

கேட்ட விதத்தில் எனக்குத் தேத்தண்ணி குடிக்கிற ஆசையே போய்விட்டது. அஜக்ஸ் ஒன்றும் கடல் கடந்த ஊர் இல்லை, நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறினால் அரை மணித்தியாலம். ஆனால் இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு படிக்கட்டைத் தாண்டி அவனிடம் போக முடியாதவளுக்கு அஜக்ஸ் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். மிதுனன் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான்.

"சூடு எங்கை வேணும்?" என்று கேட்டேன்.

"அடியிலை, அத்தான்."

"ஏன் அடியிலை?"

"வயித்துக்கு. திண்டது செமிக்கிறதுக்கு வயித்திலை சூடு வேணும். அதுகளுக்கு உடம்பிலை சொந்தமாச் சூடு இல்லை. வெளியிலையிருந்துதான் எடுக்கும்."

ஒன்றரை வருஷத்தில் அவன் என்னோடு பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் விட்டுவிடவில்லை. பெட்டி முழுக்கச் சூடு கொடுக்கட்டோ என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டினான்.

"இல்லை, பின்பக்கம் மட்டும். முன்பக்கம் குளிராத்தான் இருக்கவேணும். எங்கை படுக்கிறதெண்டு அதுவே பாத்துப் படுக்கும். ரெண்டும் இருக்கவேணும்."

பாம்புச் சாமான் விற்கிற கடையில் தட்டையான ஒரு சூட்டுப் பட்டி வாங்கினோம். நாடா மாதிரி மெல்லிசு, உள்ளே கறுப்புக் கோடுகள். மூன்று தட்டுகளிலும் பின்பக்கமாக மரத்தைக் குடைந்து, பட்டியை அதற்குள் படுக்கவைத்து, மேலே அலுமினியத் தகடு ஒட்டினேன். அப்போதுதான் பெட்டியை இழுக்கும்போது பட்டி உரசாது. கருகின பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பலகை போட்டேன். பட்டி கொதித்துப் போகாமல் இருக்க ஒரு தெர்மோஸ்ராற். அதன் உணரியை நடுத்தட்டில், பெட்டிக்கும் பட்டிக்கும் இடையில் வைத்தேன். சூடு கூடினால் தானாக நிற்கும், குறைந்தால் தானாக வரும். தொங்கின வயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, இறாக்கைக்குப் பின்னால் ஒரே ஒரு வயர், ஒரே ஒரு பிளக்.

மிதுனன் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தான், வாங்கினான். வேலை முடிந்து பெட்டிகளை உள்ளே தள்ளினபோது மலைப்பாம்பு மெல்ல ஊர்ந்து பின்பக்கம் போய், பட்டிக்கு நேர் மேலே உடம்பை விரித்துப் படுத்தது. நான் போட்ட சூட்டை அது கண்டுபிடித்துவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கனடாவில் நான் காருக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் திருகாணி முடுக்குகிறவன். என் தொழிலை நான் செய்து வெகு காலம்.

"நல்லாயிருக்கு, அத்தான்" என்றான் மிதுனன். அஜக்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கே கொண்டுபோகக் கட்டின சாமான் பெட்டிகள் இரண்டு சுவரோடு அப்படியே இருந்தன.

மாசி மாதத்தில் மொன்றியலில் ஜெயமலரின் பெரியப்பா மகள் நிரூபாவுக்குக் கல்யாணம். மிதுனனும் வந்தே ஆக வேண்டும் என்று ஜெயமலர் நின்றாள். வந்த நாளிலிருந்து அவனைச் சொந்தக்காரர் ஒருவரும் கண்ணால் காணவில்லை. அவன் பாம்புகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று தயங்கினான். மலைப்பாம்புக்கு எலி கொடுத்த நேரம், செமிக்கிறதுக்குள் சூடு நின்றால் ஆபத்து என்றான். நான் நெஞ்சில் தட்டிச் சொன்னேன். "நான் போட்ட வயர். மூண்டு நாளில்லை, மூண்டு வருஷத்துக்கும் நிக்காது. நம்பி வா."

அவன் என்னை நம்பி வந்தான்.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டம் போட்டது நான். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனால் ஒரு பிளக்கும் சுவரில் இருக்கக்கூடாது. ஊரில் பிளக்குக்குப் பக்கத்திலேயே சுவிற்ச் இருக்கும், நிறுத்திவிட்டுப் போகலாம். இங்கே சுவிற்ச் இல்லை, பிடுங்கத்தான் வேண்டும். கலியாணம் முடித்த நாளிலிருந்து எரிந்த வீடுகளின் கதை சொல்லிச் சொல்லி ஜெயமலரை நான் பழக்கியிருக்கிறேன். அவள் என்னையும் மிஞ்சிவிட்டாள். பிடுங்கின வயரைச் சுருட்டி, கொத்தமல்லிக் கட்டோடு வருகிற றப்பர் பான்ட் போட்டு வைப்பாள். அன்றைக்கும் "காருக்கை இருங்கோ, நான் பூட்டிக்கொண்டு வாறன்" என்றுதான் சொன்னாள். நான் வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸைக் குறைத்து வைத்துவிட்டு, மிதுனன் ஏறியிருந்த காருக்குப் போனேன். கீழே இருக்கிற பிளக்கைப் பற்றி அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கீழே போகாத ஆளுக்குச் சொல்வானேன்?

கல்யாண வீட்டில் மிதுனன் ஒரு மூலையில் என்றாலும் கடைசிவரை இருந்தான். சின்னப் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று பாம்புக் கதை கேட்டார்கள். அவன் கைகளை விரித்து நீளம் காட்டினான். ஜெயமலர் அதைப் பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினாள். திரும்பி வருகிற வழியில் கிங்ஸ்ரனில் கோப்பி குடித்தபோது, தமக்கைக்கும் ஒன்று அவனே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். அவள் அந்தக் கோப்பையை ஸ்காபரோ வரும் வரைக்கும் கீழே வைக்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். வெளியே காற்று முகத்தைச் சீவியது. வீடும் குளிர்ந்து கிடந்தது. மிதுனன் சப்பாத்தோடு கீழே ஓடினான். நான் மேலே ஃபேர்னஸைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து சத்தம் இல்லை. சத்தம் இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை, இறங்கிப் போனேன்.

அவன் நிலத்தில் முழங்காலில் இருந்தான். சோளப் பாம்புகள் இரண்டையும் சட்டைக்குள் விட்டிருந்தான், அவை மெல்ல அசைந்தன. மலைப்பாம்பு அவன் கையில் ஈரத் துவாய் மாதிரித் தொங்கியது. எலி விழுங்கின இடம் நடுவில் இன்னும் புடைத்தபடி இருந்தது.

"பட்டி பச்சைத் தண்ணியாக் கிடக்கு" என்றான்.

நான் இறாக்கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பிளக் சுவரில் இல்லை. வயர் அழகாகச் சுருட்டி, றப்பர் பான்ட் போட்டு, தட்டின் ஓரத்தில் வைத்திருந்தது.

ஜெயமலரின் கைவேலை. அவள் எப்படி இங்கே வந்தாள் என்றுதான் முதலில் யோசித்தேன். பிளக்கைத் திரும்பச் சுவரில் செருகினேன். பட்டி சூடேறி, பெட்டி சூடேற நேரம் எடுக்கும். மிதுனன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், உங்களுக்கு விருப்பமில்லையெண்டு எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா நான் போயிருப்பன். இந்தச் சீவனுக்கு ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

அவன் குரலை உயர்த்தவில்லை. தமக்கை கீழே வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் மிஞ்சியது நான். என் கோபம் நெஞ்சு வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. உண்மையைச் சொன்னால் அவன் தமக்கையை விட்டுப் போவான். நான்தான் என்று சொன்னால் என்னை விட்டுப் போவான். என்னை விட்டு எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள்.

"ஓம், நான்தான்" என்றேன்.

"உன்ரை அத்தான் பொய் சொல்லுறார்."

ஜெயமலர் படியில் நின்றாள். குளிர்க் கோட்டையும் கழற்றவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

"நான்தான் பிடுங்கினனான். கண்ணை மூடிக்கொண்டு வந்து, கையை விட்டுத் தடவிப் பிடுங்கினனான். ஆளில்லாத வீடு. நெருப்புப் பிடிச்சால் அவையால ஓடேலாதெல்லே. பெட்டிக்குள்ளை அடைபட்டெல்லோ கிடக்கினம்."

 மிதுனன் அவளை நிமிர்ந்து பார்த்தான். தயாபரனின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இந்த வீட்டில் மூன்று பேரும் இத்தனை காலம் அந்தப் பெயரைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்திருக்கிறோம் என்று எனக்கு அப்போது விளங்கியது.

"இப்ப என்ன செய்யவேணும்?" என்று அவள் கேட்டாள். "சுடுதண்ணி வைக்கட்டோ?"

"வேண்டாம், அக்கா. ஒரேயடியாச் சூடு காட்டக்கூடாது. ஆளின்ரை உடம்புச் சூடே போதும். என்னட்டை ரெண்டு இருக்கு, இடமில்லை."

அவன் என்னைப் பார்த்தான். மீற்றர்ப் பெட்டிப் பாம்புகளைத் தடியால் எறிந்த வீரன் நான், அரை அடி பின்னால் போனேன். ஜெயமலர் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். கோட்டைத் திறந்தாள். மடியை விரித்தாள்.

"தா" என்றாள்.

அவன் அதை அவள் வயிற்றோடு சேர்த்து வைத்தான். கோட்டை மூடிவிட்டான். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். மிதுனன் அவளுக்குக் கீழே நிலத்தில் உட்கார்ந்து, கோட்டுக்குள் கை விட்டு அதன் கழுத்தைத் தாங்கிப் பிடித்தான். இருவரும் அப்படியே இருந்தார்கள். ஒன்றரை வருஷமாக ஒரு மேசையில் இருந்து சாப்பிடாத அக்காவும் தம்பியும். நான் போய் மேலே தேத்தண்ணி போட்டேன். குடிக்க ஆளில்லாமல் அது ஆறிப்போனது.

திரும்பி வந்தபோது ஜெயமலர் கண்ணைத் திறந்திருந்தாள்.

"மடியிலை இருக்கிறவருக்குப் பேர் என்ன?"

"பேர் வைக்கேல்லை" என்றான் மிதுனன். கோட்டின் விளிம்பை இழுத்து மூடினான். "பேர் வைச்சால், பிறகு இல்லாமப் போகேக்கை கஷ்டம், அக்கா."

அவள் ஒரு கையை எடுத்து அவன் தலையில் வைத்தாள். அப்போதுதான் கோட்டுக்குள் பாம்பு நெளிந்தது. பெரிதாக ஒரு முறை வளைந்து, வாயைத் திறந்து, விழுங்கின எலியை அவள் மடியில் கக்கியது. கல்யாணத்துக்கென்று வாங்கின புதுச் சேலை. அந்த மணத்தை நான் சொல்லப் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் முட்டை பொரித்த சட்டியையே தொடாத மனுஷி அவள். கத்திக்கொண்டு எழும்பப் போகிறாள் என்றே நான் நினைத்தேன். அவள் அசையவில்லை. பாம்பை விடவும் இல்லை.

"சத்தி எடுத்திட்டுது" என்றாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சொல்கிற குரல். "இனிச் சுகம் வந்திடும், என்னடா?"

"ஓம், அக்கா. வெளியிலை வந்தது நல்லதுதான்" என்றான் அவன். அவன் அழுதுகொண்டிருந்தான். ஊரில் நடந்ததற்கும் சேர்த்துத்தான் அழுதான் என்று நினைக்கிறேன். தயாண்ணை அன்றைக்கு எத்தனை பாண் வாங்கச் சொன்னவர், கடையில் வரிசை எவ்வளவு நீளம், திரும்பி வந்தபோது வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஜெயமலர் மடியைத் துடைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கும் உட்கார வேண்டும் போல இருந்தது.

கோட்டின் விளிம்பில் பாம்பின் தலை வந்தது. நாக்கை நீட்டி அவளுடைய பொத்தானைத் தொட்டுப் பார்த்தது.

அந்தச் சேலையையும் நான்தான் தோய்த்தேன். மலைப்பாம்பு சில கிழமை ஒன்றும் தின்னவில்லை, பிறகு தின்றது. ஜெயமலர் நாளுக்கு ஒரு தரம் கீழே இறங்கி, இறாக்கைக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நின்று, பெட்டிகளைக் கையால் தொட்டுச் சூடு பார்த்துவிட்டு வருவாள். அஜக்ஸ் பெட்டிகள் மட்டும் சுவரோடு அப்படியே இருந்தன. பங்குனி முடிய ஒரு கிழமைதான் இருந்தது. நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடும் என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை நான் மேசையில் இருந்து புட்டுச் சாப்பிடும்போது மிதுனன் மேலே வந்தான். தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தான்.

"அத்தான், ஒண்டு கேக்கட்டோ? இறாக்கை வயருக்குப் பிளக் இல்லாமல் செய்யேலாதோ? சுவருக்குள்ளாலை நேரா மெயின் பெட்டியிலையிருந்து குடுத்தால் ஒருத்தரும் பிடுங்கேலாதெல்லே."

குசினியில் ஜெயமலரின் அகப்பைச் சத்தம் நின்றது.

"செய்யலாம்" என்றேன். "ஆனால் அப்பிடிக் குடுத்தால் இறாக்கையைச் சுவரோடை பூட்டவேணும். பிறகு கழட்டி வேறை வீட்டுக்குக் கொண்டு போகேலாது."

"ஓம், தெரியும்" என்று சொல்லிவிட்டு அவன் புட்டுக்குக் குழம்பை விட்டான்.